இடது நான்கு, வலது ஆறு

காலையில் எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். பால் காய்வதற்குள் வாசலைப் பெருக்கினேன்.

செருப்பு ஸ்டாண்டில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். துடைத்தேன். திரும்ப வைத்தேன். மேல் தட்டில் எழிலரசியின் செருப்பு. பழுப்புத் தோல், குறுக்கே இரண்டு பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு வார். அதையும் எடுத்தேன், துடைத்தேன், வைத்தேன்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் என் மனைவி போனாள். இப்போது வைகாசி. செருப்பு அங்கேயே இருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

"மாப்ள, பால் பொங்குது," என்று உள்ளேயிருந்து மாமனார் ஜெயசீலன் குரல் கொடுத்தார். போய் அணைத்தேன்.

அன்று வியாழக்கிழமை. ஆம்பூரில் இருக்கும் என் மாமனார் வீடு அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒருவர் வாணியம்பாடி டாக்டர் உமைமா. சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு மட்டுமே கிளினிக் நடத்துகிறவர். திருப்பத்தூர், தருமபுரி என்று கிளைகள் உண்டு. எங்கள் பட்டறையில் அளவெடுத்துச் செய்யும் செருப்பைத் தன் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று நினைத்தார். ஆனால் அவர்கள் ஊரிலிருந்தே ஆர்டர் கொடுக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மற்ற டாக்டர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். வேறொரு பட்டறையும் வரிசையில் நின்றது. கம்பெனிகள் கொடுக்கும் தையல் வேலை கம்மியாகிவிட்டது. இதுவும் வராவிட்டால் மெஷின்களை விற்றுவிடலாம் என்று மாமா ஒரு தடவை சொல்லிவிட்டார்.

இன்னொருவர் குடியாத்தத்தில் இருக்கும் என் அப்பா. விசைத்தறிக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வர்றேன். துணிமணி எடுத்து வை. பொண்டாட்டியே இல்லாத வூட்ல உனக்கு இன்னா வேலை?" என்று போனில் கேட்டிருந்தார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெப்சைட் செய்வதுதான் என் தொழில். வேலூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பல் டாக்டர், பிரியாணிக் கடை, பள்ளிக்கூடம், யார் வந்தாலும் அங்கே ரெடிமேட் டெம்ப்ளேட்தான். பெயரை மாற்று, படத்தை மாற்று, கொடு.

இந்தப் பட்டறைக்கு மட்டும் அப்படிச் செய்வதில்லை என்று நானும் எழிலும் முடிவு செய்திருந்தோம். எல்லாப் பக்கமும் நாங்களே வரைந்தது. திறந்ததும் வெள்ளைத் திரையில் ஒரு பென்சில் கோடு ஓடும். பாதம் ஒன்று உருவாகும். அது மெல்லச் செருப்பாக மாறும். தன் பாதத்தைத் தாளில் ஊன்றி எழிலே வரைந்த கோடு அது.

அவள் போன பிறகு அந்தக் கோட்டைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாக. கொஞ்சம் வேகமாக. மறுபடியும் மெதுவாக.

டீ டம்ளரோடு தமிழினி வந்தாள். எழிலின் தங்கை. காலணி டிசைன் படித்தவள். ஏற்றுமதிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இப்போது பட்டறையில் அக்காவின் இடத்தில் உட்கார்கிறாள். லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள்.

"மாமா, கோச்சிக்காத. நேத்து ஒரு டெம்ப்ளேட் எடுத்து நம்ம கடையைப் போட்டுட்டேன்."

பார்த்தேன். மேலே பெரிதாகக் கடைப் பெயர். கீழே வரிசையாகச் செருப்புகள். விலை. போன் நம்பர். சுத்தமாக இருந்தது.

"கேக் கடை," என்றேன்.

"இன்னாது?"

"இதே டெம்ப்ளேட்டை நாங்க ஒரு கேக் கடைக்குக் குடுத்திருக்கோம்."

"கேக் வித்துச்சா?"

"வித்துச்சு."

"அப்பறம் இன்னா?"

டீயைக் குடித்தேன். "நாம கால் பாத்து, அளவெடுத்துப் பண்றவங்க தமிழ். நம்ம கடையே ரெடிமேட்ல இருந்தா யார் நம்புவாங்க?"

"எழுந்து வா," என்றாள்.

பட்டறை வீட்டுக்குப் பின்பக்கம். பசை நெடி வாசலிலேயே வரும். மேஜைமேல் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு கால் கட்டை கிடந்தது. இப்படிப்பட்ட கட்டையின்மேல்தான் செருப்புக்கு வடிவம் கொடுப்பார்கள். அணைக்கட்டு விவசாயி ஒருவருக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் காலில் எலும்பு புடைத்த இடத்துக்கு நேராகக் கட்டையில் தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தேய்த்து மேடு எழுப்பியிருந்தாள்.

"இந்தக் கட்டை எங்கேர்ந்து வந்துச்சு?"

"கடையிலேர்ந்து."

"ஊருக்கே விக்கிற கட்டைதானே? ஒவ்வொரு காலுக்கும் புதுசா கட்டை செதுக்கிக்கினா கெடக்குறோம்? ரெடிமேட்ல எடுக்குறோம். எங்க வேணுமோ அங்க ஒட்றோம். அக்கா இதைத்தான் பண்ணா. நீ மட்டும் மரம் வெட்றதுலேர்ந்து ஆரம்பிக்கிற."

தையல் மெஷினிலிருந்து மாமா தலையைத் தூக்கினார். "பேஜார் பண்ணாதடி. மாப்ள ஆசை ஆசையா பண்ணினுகீறாரு."

"ஆசை கெடக்கட்டும்பா. அஸருக்குள்ள முடியுமா, கேளு."

"முடியும்," என்றேன்.

"அப்ப அப்பா போன்ல தெறந்து காட்டு. நம்ம ஆளுங்க கையில இருக்கிறது அந்த மாதிரி போன்தான்."

மாமாவின் போனில் ஒரு மூலை விரிசல். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தார். நான் முகவரியைத் தட்டிக் கொடுத்தேன். வெள்ளைத் திரை வந்தது. ஒரு வட்டம் சுற்றியது.

"சுத்தினே கீது மாப்ள."

"இருங்க மாமா. வரும்."

மரியாதையாகக் காத்திருந்தார். கோடு ஓட ஆரம்பித்தது. கட்டைவிரல் வந்தது. உள்வளைவு வந்தது. குதிகால் அருகே நின்றுவிட்டது. போன் சூடாகியிருந்தது.

"குதிகால் வரிக்கும் வந்துச்சு," என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எழில் கால்தானே? நல்லா கீது."

தமிழினி போனை வாங்கித் தன்னுடைய டெம்ப்ளேட்டைத் திறந்தாள். தொட்டதும் திறந்தது.

ஏலகிரி மேலே, டவர் பாதி கிடைக்கும் வீட்டில், காலில் புண்ணோடு ஒருவர் இதைத் திறப்பதாக நினைத்துப் பார்த்தேன். என் கோடு முடியும்வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

"சரி. இதையே போடு," என்றேன்.

அத்தனை மாத வேலையை விடும்போது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

உட்கார்ந்து டெம்ப்ளேட்டை முழுக்கச் சோதித்தேன். ஓரிடத்தில் இடித்தது. சைஸ் என்று ஒரே ஒரு பெட்டி. ஐந்து என்று போட்டால் இரண்டு காலுக்கும் ஐந்து. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவில் இருக்காது. வீக்கம், கட்டு, விரல் எடுத்தது.

"எடது தனியா வலது தனியா ரெண்டு தடவை ஆர்டர் போடச் சொல்லலாமா?" என்றாள் தமிழினி.

"கால் வலியில இருக்கறவங்க ஒரு தடவை போடறதே பெரிசு."

"அப்ப ஒட்டு."

என் பழைய வேலையிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். இடதுக்கு ஒரு பத்தி, வலதுக்கு ஒரு பத்தி. தாளில் கால் வரைந்து போட்டோ அனுப்ப ஓர் இடம். எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட ஒரு பாதத்தின் படம். "செருப்புக் கடையில என்னை யாரும் கேக்காததெல்லாம் இதுல கேளு பிரகாஷ்" என்று எழில் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தது.

அவள் பிறக்கும்போதே இடது பாதம் உள்ளே வளைந்திருந்தது. சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து நேராக்கினார்கள். நேரானது. ஆனால் சிறியதாகவே நின்றுவிட்டது. இடது நான்கு, வலது ஆறு. கடையில் அவளுக்கு ஜோடி கிடையாது. இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு செருப்பைத் தூக்கிப் போடுவார்கள். அப்படித்தான் அவள் தானே செருப்பு செய்யக் கற்றுக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தை டெம்ப்ளேட்டுக்குள் பொருத்தினேன். நிறத்தை மாற்றினேன். எழுத்தைச் சரிசெய்தேன். தமிழினி போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஒட்டிய இடத்தைத் தேடுகிறவளைப் போலப் பார்த்தாள்.

"ஒட்டு தெரியல," என்றாள்.

"நல்லா தேச்சுட்டாரு மாப்ள," என்றார் மாமா.

செருப்புக்காரர்கள் வீட்டில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

டாக்டருக்கு அனுப்பினோம். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சூரியபிரகாஷ், பாத்தேன். எடது வலது தனித்தனியா கேக்குது பாருங்க, அது மாஷா அல்லாஹ், ரொம்ப நல்லா இருக்கு. வேற யாரும் இதை யோசிக்கல. ஆனா ஒரு கேள்வி. இன்னொரு கால் எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லாப் படத்துலயும் ஒத்தைச் செருப்புதான் இருக்கு."

மூன்று பேரும் லேப்டாப்பைப் பார்த்தோம். வரிசையாக வலது கால். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை. எங்கள் யார் கண்ணுக்கும் அது தப்பாகப் படவே இல்லை.

இந்தத் தொழிலில் சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான். ஒன்றைப் பார்த்தால் வேலை தெரிந்துவிடும், தோலும் மிச்சம். களவு போகும் பயமும் இல்லை. ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? தமிழினி அலமாரியில் இருந்த சாம்பிள்களை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள்.

"சாம்பிள் மேடம், அதான்..." என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. எங்க அத்தா தோல் வியாபாரி. ஆனா என் பேஷன்ட்டுங்களுக்குத் தெரியாது. இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரே பயம்தான், கால் போய்டுமோன்னு. சில பேருக்குப் போயிருக்கு. அவங்க முன்னாடி வரிசையா ஒத்தைச் செருப்பைக் காட்டலாமா?"

தமிழினி படங்களை மறுபடி மேலே தள்ளிப் பார்த்தாள். டாக்டர் தொடர்ந்தார்.

"ஜோடியா ஒரு படம் வேணும். மேல, பெரிசா. மத்த டாக்டருங்க ஒத்தைச் செருப்பைப் பாத்தா அதோட மூடிடுவாங்க. அஸருக்குள்ள மாத்த முடியுமா?"

"முடியும்," என்றேன். அன்று இரண்டாவது தடவையாக.

சாப்பாடு ஆறியது. பட்டறையில் ஜோடி தங்குவதில்லை. முடிந்த அன்றே உரியவரிடம் போய்விடும். அணைக்கட்டுக்காரர் செருப்பு இன்னும் கட்டையிலேயே இருந்தது.

"டெம்ப்ளேட்டோடவே சும்மா படம் நெறைய குடுத்துகீறானே," என்றார் மாமா. "அதுல ஒரு ஜோடி எடுத்துப் போட்டா இன்னா?"

"அது ஆகாதுப்பா," என்றாள் தமிழினி. "கடை ரெடிமேடா இருக்கலாம். செருப்பும் எவனோ பண்ணதுன்னா அப்பறம் நாம எதுக்கு?"

அதன் பிறகு யாரும் வாசல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த விதத்திலேயே எல்லாருக்கும் ஒன்றுதான் தோன்றியிருக்கிறது என்று தெரிந்தது.

நான் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து எடுத்து வந்தேன்.

"வேணாம் மாப்ள." மாமா எழுந்துவிட்டார். "போனவ செருப்பு. புதுசா தொடங்குற வியாபாரத்துக்கு மொதப் படம். ஊர்ல இன்னா பேசுவாங்க? பொண்ணு செத்து வருசம் திரும்பல, செருப்பை வெச்சு..."

மாமியார் விஜயகுமாரி சமையலறையிலிருந்து வந்தார். எழில் போனதிலிருந்து பட்டறை விஷயம் எதிலும் வாய் திறக்காதவர். என் கையிலிருந்து செருப்பை வாங்கினார். முந்தானையால் துடைத்தார். காலையில் நான் துடைத்ததுதான்.

"கால் வளைஞ்சு இவ பொறந்தப்பவும் இதே ஊரு பேசுச்சு," என்றார் மாமாவிடம். "அப்ப துணியைப் போட்டா மூடின? தோள்ல தூக்கி வெச்சுக்கினு பஜார் முழுக்கச் சுத்தின. எம் பொண்ணு, எம் பொண்ணுன்னு. இப்ப அவ பண்ணதை மூடப் போறியா?"

மாமா நின்றார். பிறகு பட்டறைக்குள் போனார். வெள்ளை ரெக்ஸின் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்து, முற்றத்து வெயிலில் சுருக்கமில்லாமல் விரித்தார்.

அத்தை செருப்பை அதன்மேல் வைத்தார். "மேல மட்டும் எடுக்காதீங்க தம்பி. உள்பக்கமும் எடுங்க. வேலை அங்கதான் கீது."

எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இடது செருப்பின் பட்டைகள் அகலம் கம்மி. ஆனால் தையல் கோடு வலதில் எங்கே திரும்புகிறதோ அதற்கு நேராகத் திரும்பியது. கொக்கிகள் ஒரே நேரில் நின்றன. இடதின் உள்ளே ஒரு மடிப்பு ரப்பர் கூடுதலாக இருந்தது. வெளியே தெரியாதபடி ஓரத்தை மடித்திருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தும் வித்தியாசம் கண்ணில் படவில்லை. தெரிந்து தேடினால்தான் தெரியும்.

இத்தனை மாதம் தினமும் துடைத்தும் அதைச் செருப்பாக நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். என்ன ஒரு வேலை! முதுகு தானாக நிமிர்ந்தது. இது என் மனைவி செய்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுற்றி நின்ற மூவருக்கும் அது தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"எழில் பண்ணது."

"ஆமா," என்றார் அத்தை.

டெம்ப்ளேட்டில் படத்துக்குமேல் பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. என் பழைய சைட்டுக்காக அந்த ஒரு வரியை நான் மாதக்கணக்கில் தேடியிருக்கிறேன். தமிழினி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள்.

'இடது நான்கு. வலது ஆறு. ஜோடிதான்.'

மசூதியில் அஸர் பாங்கு தொடங்கியபோது படம் ஏறிவிட்டது.

பிறகு காத்திருந்தோம். மாமா மெஷினில் உட்கார்ந்தார், தைக்கவில்லை. அத்தை ஆறிய சோற்றைத் திரும்ப எல்லாருக்கும் போட்டார், யாரும் சாப்பிடவில்லை. போன் வந்தது.

"நெஜமாவே ரெண்டும் வேற அளவா?" டாக்டர் குரலில் அவசரம். "பெரிசாக்கிப் பாத்தோம். எங்க டாக்டருங்கள்ல ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல. வேற பட்டறை வேணாம். உங்க பேரையே எல்லாக் கிளினிக்குலயும் ஒட்டச் சொல்லிட்டேன்."

மாமா மெஷின்மேல் கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தமிழினி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் இது தெரிந்ததுதானே என்பதுபோல் நின்றார்.

"இன்னும் ஒண்ணு," என்றார் டாக்டர். "இந்த ஜோடியைப் பண்ணவங்களை நான் பாக்கணும். ஞாயித்துக்கிழமை எங்க கேம்ப். கால் போய்டும்னு பயந்துக்கிட்டு நெறைய பேர் வருவாங்க. இவங்க வந்து நின்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும். அனுப்புவீங்களா?"

அவருக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் தமிழினி முந்திக்கொண்டாள்.

"வர்றோம் மேடம்."

போனை வைத்துவிட்டாள்.

"யாருடி வர்றோம்?" என்றார் மாமா.

"தெரியல."

"அதே ஞாயித்துக்கிழமைதான் குடியாத்தத்திலேர்ந்து சம்பந்தி வர்றாரு."

"அது தெரியும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மேல் தட்டில் வைத்தேன். தமிழினி பின்னாலேயே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அங்க போய் நின்னா அக்கா இன்னா பேசியிருப்பா?"

"தெரியல."

"மாமா." கொஞ்சம் தயங்கினாள். "அக்கா கடைசியா இன்னா சொன்னா? நெஜமா சொன்னது."

இந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஏதாவது சொல்லியிருப்பாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துச் சொல்லும்படியாக எதுவும் அதில் இல்லை என்று நானும் விட்டிருந்தேன். அன்று தமிழினியிடம் சொன்னேன், சொல்லும்போதே ஞாயிற்றுக்கிழமை கேம்பில் நான் போய்ச் சொல்ல வேண்டியதும் இதுதான் என்று தோன்றியது.

ஐ.சி.யூ. கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூச்சு வாங்கியது அவளுக்கு. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"பிரகாஷ், ஆஸ்பத்திரி வாசல்ல என் செருப்பு கெடக்குது. எடுத்து வை, எவனாவது மாட்டிக்கினு போய்டப் போறான். கடையில வாங்கனது இல்ல அது. நான் பண்ணது."